மூடிய ஜாடியில் புழு இல்லை

பிளாரன்ஸ் நகரத்து வைத்தியர் லத்தான்சியோவின் வீட்டில் லிசபெத்தா பதினோரு வருடமாகச் சமைத்து வந்தாள். தன் அடுப்படியில் கரண்டி ஒன்று இடம் மாறியிருந்தால்கூட அவளுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவள் ஒரு ஜூலை மாதக் காலையில் உள்ளே நுழைந்தபோது, ஆலிவ் ஊறப்போட வைத்திருந்த எட்டு ஜாடிகளையும் காணவில்லை.

ஜாடிகள் பின்கட்டில் இருந்தன. வைத்தியர் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு வேலையில் மும்முரமாக இருந்தார். ஒரு ஜாடியில் செத்த பாம்பு, ஒன்றில் ஆற்று மீன், ஒன்றில் விலாங்கு, ஒன்றில் கன்றுக்கறித் துண்டு. அடுத்த நான்கிலும் அதே நான்கு. முதல் நான்கின் வாயைத் திறந்தபடி விட்டார். மற்ற நான்கின் வாயில் சல்லாத் துணியை இழுத்துப் போர்த்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டினார். நல்ல கன்றுக்கறி அப்படி வீணாவதைப் பார்க்க லிசபெத்தாவுக்கு வயிறு எரிந்தது. எசமானிடம் என்ன கேட்பது?

மூன்றாம் நாள் நாற்றம் வீட்டு வாசலைத் தாண்டியது. துணி வெளுக்க எடுத்துப்போக வந்த மெனிக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, உங்க எசமான் பாம்பையா ஊறுகாய் போடுறாரு? நாளைக்கு நோயாளிக்கு அதைத்தான் குடுப்பாரு போல."

"வாயை மூடுடி. ஏதோ படிச்சவங்க வேலை."

"படிச்சாத்தான் இப்படி ஆகும்னா, என் புள்ளைங்க படிக்காமலே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மெனிக்கா மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

லிசபெத்தா சிரிக்கவில்லை. திறந்த ஜாடியில் அன்று காலை அவள் புழுவைப் பார்த்திருந்தாள். புழுவைப் பார்த்தால் அவளுக்கு அருவருப்பு வராது. அதைவிட மோசமான ஒன்று நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவள் மலையில் இருக்கும் ரொவெத்தோ கிராமத்துக்காரி. பத்தொன்பது வயதில் பியாஜோவைக் கட்டிக்கொண்டாள். அவனுக்குச் சொந்தமாக ஒரு சிறு செஸ்ட்நட் தோப்பு இருந்தது. குளிர்காலம் முழுக்க அந்தக் கொட்டை மாவில்தான் கூழும் அடையும். பிள்ளை இல்லை என்பதைத் தவிர அவர்களுக்கு ஒரு குறையும் கிடையாது. பதினான்கு வருடம் அப்படிப் போயிற்று. பிறகு ஒரு வசந்தகாலத்தில், பக்கத்துத் தோப்புக்காரன், பியாஜோ எல்லைக் கல்லை நகர்த்திவிட்டான் என்று வழக்குக் கொண்டுவந்தான். சாட்சி ஒருவரும் இல்லை. உயிர்த்த ஞாயிறு அன்று பூசை முடிந்ததும் பியாஜோ ஊர் பார்க்க வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து, நான் கல்லைத் தொடவில்லை என்று சத்தியம் செய்தான். வழக்கு அதோடு முடிந்தது.

மூன்று மாதம் கழித்து ஜூலையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் செத்துப்போனான். அந்த நேரம் பங்குச் சாமியார் தாதேயோ மலைக்கு அப்பால் ஒரு திருவிழாவுக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை உடலை ஒன்றரை நாள் வீட்டில் வைத்திருக்க வேண்டியதாயிற்று.

ரொவெத்தோவில் செத்தவரைத் தூக்குவது தோழமைச் சபைக்காரர்களின் வேலை. தூக்குவது யார் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகக் கறுப்பு அங்கியும் கண்ணுக்கு மட்டும் துளை விட்ட முகமூடியும் போட்டுக்கொண்டு ஆறு பேர் வருவார்கள். இருந்தாலும் முன்னால் வந்தவன் நென்சியோதான் என்று, இடது காலை அவன் இழுத்து வைத்த விதத்திலேயே லிசபெத்தா தெரிந்துகொண்டாள். நென்சியோ பியாஜோவின் கூடப்பிறந்த தம்பி. சபைக்கு அவன்தான் தலைவன். பாடையில் கிடத்துவதற்கு முன் அவன் அண்ணன் முகத்துத் துணியை விலக்கினான். பியாஜோவின் உதட்டு ஓரத்தில், வாய்க்குள் எல்லாம் அரிசிக் குருணை போல் வெள்ளைப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

கண்ணில் இல்லை, காதில் இல்லை, வாயில். சத்தியம் செய்த வாயில்.

நென்சியோ துணியைத் திரும்பப் போட்டான். பாடையைத் தரையில் வைத்தான். வெளியே போனான். மற்ற ஐந்து பேரும் அவன் பின்னாலேயே போய்விட்டார்கள். உடம்பு அழுகினால் புழு தானாகப் பிறக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நல்லவன் உடம்பு ஒன்றரை நாளில் அப்படி ஆகாது. வாயிலிருந்து புழு பிறந்ததென்றால் பொய் அங்கே இருந்திருக்கிறது. பியாஜோவைக் கழுதை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். தோப்பு பக்கத்துக்காரனுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு லிசபெத்தாவை ஒருவரும் மாவு இடிக்கக் கூப்பிடவில்லை. ஊர்ப் பொது ரொட்டி அடுப்பில் அவள் முறை வந்தால் மற்ற பெண்கள் கொஞ்ச நேரம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே அவள் பிளாரன்ஸுக்கு நடந்து வந்துவிட்டாள்.

பியாஜோ பொய் சொன்னானா? பதினோரு வருடமாக அவளுக்கு அது தெரியவில்லை. சொல்லியிருக்க மாட்டான் என்று அடித்துச் சொல்ல நினைப்பாள். உடனே அந்த வாய் கண்முன் வந்து நிற்கும். கட்டிய புருஷனைச் சந்தேகப்படுவதா, கண்ணால் கண்டதைச் சந்தேகப்படுவதா என்று தெரியாமல் அவள் பூசைக்குப் போனாள், சமைத்தாள், தூங்கினாள்.

ஏழாம் நாள் வைத்தியர் அவளைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். அவர் முகம் சிவந்திருந்தது. திறந்த ஜாடிகளில் புழு பொங்கி வழிந்தது. மூடிய ஜாடிகளின் கயிற்றை அவள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பாம்பு அழுகிக் கூழாகியிருந்தது. மீன் கரைந்து தண்ணீராகியிருந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஆனால் ஒன்றில்கூட ஒரு புழுவும் இல்லை.

லிசபெத்தா நான்கு ஜாடிகளிலும் குனிந்து குனிந்து பார்த்தாள். கரண்டியை எடுத்துவந்து கிளறியும் பார்த்தாள்.

"எசமான், இந்த மீனும் அந்த மீனும் ஒரே கூடையில வந்ததுதானே?"

"ஒரே கூடைதான். ஏன் கேக்குற?"

"அது பாவம் பண்ணுச்சு, இது பண்ணலைன்னு இல்லையே?"

வைத்தியர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார். "ஈ உட்கார்ந்து முட்டை வைக்குது. முட்டையிலேருந்து புழு. அவ்வளவுதான். கறி தானா எதையும் பெத்துக்கறதில்லை" என்றவர், சமையலறைப் பக்கம் கை காட்டினார். "அது சரி, தினமும் நீ கறியைத் துணி அடிச்ச பெட்டியிலதானே வைக்கிற. எதுக்கு?"

"ஈ மொய்க்கக்கூடாதுன்னுதான்."

"மொய்ச்சா?"

"மொய்ச்சா புழு..."

முப்பது வருடமாக அவள் கை அந்தப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தது. அவள் அம்மாவின் கையும் மூடியது. ரொவெத்தோவில் எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் கறியைத் திறந்து வைத்ததில்லை. கைக்குத் தெரிந்தது ஒருநாளாவது புத்திக்கு எட்டியதா? ஆட்டுக்கறிக்கு ஒரு நியாயம், புருஷன் வாய்க்கு வேறு நியாயம் என்று எப்படி நம்பினாள்? பியாஜோ பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதைச் சொல்ல அந்தப் புழுவுக்கு வாயில்லை.

மகிழ்ச்சியில் அவளுக்கு அழுகை வந்தது. வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். பாதி வாளி இறைத்திருப்பாள். கயிறு கையிலிருந்து நழுவியது.

ஈ எப்படி வீட்டுக்குள் வந்தது?

பியாஜோவின் மூச்சு நின்றதும் அவள்தான் எழுந்துபோய் ஜன்னலை அகலத் திறந்தாள். ஆன்மா வெளியே போக வழி வேண்டும் என்று ரொவெத்தோவில் எல்லோரும் செய்வதுதான். மூடி வைத்தால் ஆன்மா உத்தரத்தில் முட்டிக்கொண்டு கிடக்கும் என்பார்கள். ஜன்னலுக்குக் கீழேதான் ஆட்டுக் கொட்டில். அதோடு விட்டாளா? அன்று பகல் முழுவதும் அவன் முகத்துத் துணியை எடுத்து எடுத்துப் பார்த்தாள். இனி எப்போது பார்க்கப் போகிறோம் என்று நடுவில் துணியைப் போடாமலே விட்டுவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அதையும் கட்டத் தோன்றவில்லை.

புருஷன் வாயில் அந்தப் புழுவை வைத்தது ஈ. ஈயைக் கூப்பிட்டது அவள். கிணற்றடிக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மதியம் அடுப்பு எரியவில்லை. விசாரிக்க வந்த வைத்தியரிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க வைத்தியரின் கண் விரிந்தது. ஓடிப்போய்க் காகிதமும் இறகுப் பேனாவும் எடுத்துவந்தார். எத்தனை மணி நேரம் கழித்துப் புழு தெரிந்தது, எவ்வளவு பெரிசு, அன்று வெயில் எப்படி, கண்ணில் இருந்ததா என்று வரிசையாகக் கேட்டு எழுதத் தொடங்கினார். லிசபெத்தா இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னாள். மூன்றாவதற்கு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு ஜாடியில இல்ல எசமான். கட்டில்ல இருந்தாரு."

வைத்தியர் பேனாவைக் கீழே வைத்தார். தப்புதான் என்றார். பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஈயால்தான் புழு வருகிறது, பாவத்தால் இல்லை என்று ஒரு காகிதத்தில் எழுதி, முத்திரை வைத்துத் தர வேண்டும். அதை எடுத்துப்போய்த் தாதேயோ சாமியாரிடம் கொடுத்தால் பியாஜோவின் எலும்பைச் சுவருக்கு உள்ளே கொண்டுவந்துவிடலாம்.

வைத்தியர் காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தார்.

"ஈயைப் பத்தி எவ்வளவு வேணா எழுதுவேன் லிசபெத்தா. அதுல பாவம், சத்தியம்னு ஒரு வார்த்தை வந்தாலும் அது கோயில் விஷயம். செத்த சிங்கத்தோட உடம்புல தேனீ இருந்துச்சுன்னு வேதத்துலயே இருக்கு. அதுக்கு என்ன பதில் எழுதறதுன்னே நான் முழிச்சிக்கிட்டு இருக்கேன். வானத்தைப் பத்தி எழுதினவரை ரோமாபுரியில முழங்கால் போட வெச்சாங்களே, மறந்துட்டியா?"

"உங்க கண்ணாலதானே எசமான் பார்த்தீங்க?"

"பார்த்தேன்" என்றார் அவர்.

ஏழு நாள் நாற்றத்தைச் சகித்து உண்மையைக் கண்டுபிடித்த மனிதர், அதை ஒரு மலைக் கிராமத்துக்குச் சொல்லப் பயப்படுகிறார் என்பது லிசபெத்தாவுக்குப் புழுவைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. அதற்குமேல் அவள் கெஞ்சவில்லை. பதினைந்து நாள் விடுப்பும், இரண்டு ஜாடியும், சல்லாத் துணியில் இரண்டு முழமும் கேட்டாள். அவர் மூன்றையும் கொடுத்தார். கோவேறு கழுதை வண்டிக்காரன் ஒருவனிடம் சொல்லியும் அனுப்பினார்.

ரொவெத்தோவில் அவளை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் பேச்சு நின்றது. தாதேயோ சாமியாருக்கு வயதாகிவிட்டது. அவள் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் தூங்கிவிட்டாரோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. முடிந்ததும் அவர் கண்ணைத் திறந்தார். நீ சொல்வதை நம்பி ஒரு பிணத்தைத் தோண்ட முடியாது, ஆனால் ஜாடி வைத்துப் பார்ப்பதில் பாவம் ஒன்றும் இல்லை என்றார்.

ஒரு ஆட்டுத் தொடையைச் சாமியார் முன்னாலேயே கசாப்புக்காரன் இரண்டாக வெட்டினான். ஒரு பாதி திறந்த ஜாடியில், மறுபாதி துணி கட்டிய ஜாடியில். கயிற்று முடிச்சின் மேல் சாமியார் அரக்கு வைத்தார். கோயில் பின்முற்றத்தில் இரண்டையும் வைத்துக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஊரே சிரித்தது. பட்டணத்துக்குப் போனவர்கள் பட்டு நெய்யக் கற்றுக்கொண்டு வருவார்கள், இவள் புழு வளர்க்கக் கற்று வந்திருக்கிறாள் என்றார்கள். நென்சியோ சிரிக்கவும் இல்லை, அவளைப் பார்க்க வரவும் இல்லை. தெருவில் எதிர்ப்பட்டபோது தலையைக் குனிந்துகொண்டு போனான்.

ஆறாம் நாள் ஞாயிறு. பூசை முடிந்து யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சாமியார் பூட்டைத் திறந்தார். திறந்த ஜாடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. மூடிய ஜாடியின் துணி மேல் ஈக்கள் அப்பிக்கொண்டிருந்தன. துணிக்கு வெளிப்பக்கம், உள்ளே இறங்க வழி தெரியாமல், பொடிப் புழுக்கள் சில நெளிந்தன. சாமியார் அரக்கை எல்லோருக்கும் காட்டிவிட்டு உடைத்தார். துணியை மெதுவாகத் தூக்கி அப்பால் வைத்தார். உள்ளே கறி அழுகிக் கறுத்திருந்தது. அவ்வளவுதான்.

கசாப்புக்காரன் ஒரு குச்சியால் கறியைப் புரட்டினான். மறுபடி புரட்டினான். "ஒரே தொடை சாமி. நான்தான் வெட்டினேன்" என்றான். அவன் குரல் மாறியிருந்தது.

கூட்டத்தின் பின்னாலிருந்து நென்சியோ முன்னால் வந்தான்.

"எல்லாம் சரி அண்ணி. அண்ணன் இருந்தது வீட்டுக்குள்ள. அங்க ஈ எப்படி வந்துச்சு?"

இந்தக் கேள்வி வரும் என்று வழியெல்லாம் அவளுக்குத் தெரியும். ஜன்னல் தானாகத் திறந்துகொண்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூட வண்டியில் வரும்போது யோசித்திருந்தாள். சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் பியாஜோ பொய்யன் இல்லை என்று நிரூபிக்க வந்த இடத்தில் அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"நான்தான் ஜன்னலைத் திறந்தேன் நென்சியோ. ஆன்மா போறதுக்கு. முகத்துத் துணியையும் நான்தான் எடுத்தேன். பார்த்துக்கிட்டே இருக்கணும்னு தோணுச்சு. என்னாலதான் வந்துச்சு."

அந்த ஊரில் சாவு நேரத்தில் ஜன்னல் திறக்காத வீடு கிடையாது. மாவு ஆலைக்காரன் மனைவி அங்கேயே படியில் உட்கார்ந்தாள். போன கோடையில் அவள் கைக்குழந்தை செத்திருந்தது. அந்தக் குழந்தைக்கும் இப்படித்தான் புழு இருந்ததென்றும், தாய் செய்த பாவம் என்று மாமியார் சொன்னதை இன்றுவரை நம்பிக்கொண்டிருந்ததாகவும் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். யாரும் அவளைத் தேற்றவில்லை. ஆளுக்கு ஆள் தங்கள் வீட்டுச் சாவை நினைத்துக்கொண்டு நின்றார்கள்.

எலும்பை உள்ளே கொண்டுவரத் தடை இல்லை என்றார் சாமியார். ஆனால் செத்தவரைத் தூக்குவது சபையின் உரிமை, அவர்கள் தூக்காமல் உள்ளே வர வழக்கம் இல்லை என்று சொல்லி நென்சியோவைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

நென்சியோவின் முகம் வெளுத்திருந்தது. "ஒரு ஈயைப் பார்த்துட்டு என் அண்ணனை நான் தரையில போட்டுட்டுப் போனேனா?" என்றான். "நீ சொல்றது பொய்யா இருக்கட்டும் அண்ணி. அவன் சத்தியம்தான் பொய்யா இருக்கட்டும். இதை என்னால தாங்க முடியாது." காலை இழுத்துக்கொண்டு அவன் முற்றத்தை விட்டு வெளியேறினான். சபைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

ஜாடியில் கண்டதை இனி யாராலும் மாற்ற முடியாது. இருந்தும் பியாஜோ சுவருக்கு வெளியேதான் கிடந்தான். மறுநாள் காலை வண்டி கிளம்புகிறது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று லிசபெத்தா விடிந்ததும் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நடந்தாள்.

சுவருக்கு வெளியே நென்சியோ இடுப்பளவு குழிக்குள் நின்று தோண்டிக்கொண்டிருந்தான். அங்கி இல்லை, முகமூடி இல்லை. சட்டையெல்லாம் மண். சபையிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். மற்ற இரண்டு பேரும் வரவில்லை, வரப்போவதும் இல்லை என்று தெரிந்தது. மண்வெட்டி எலும்பில் தட்டியதும் நென்சியோ அதை எறிந்துவிட்டுக் கையாலேயே மண்ணை அள்ளினான்.

மண்டையோடு வெளியே வந்தது. பொய் சொன்னவனின் எலும்பு ஒரு மாதிரி, சொல்லாதவனின் எலும்பு வேறு மாதிரி இருக்கும் என்று அவர்களில் யாராவது நினைத்திருந்தால், அப்படி எதுவும் இல்லை. வேர் சுற்றிய பழுப்பு எலும்பு, அவ்வளவே. நென்சியோ அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழுதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் சேர்த்து வெள்ளைத் துணியில் கட்டி, பாடையில் வைத்தார்கள். பாடைக்கு ஆறு பேர் வேண்டும். நான்கு பேர்தான் இருந்தார்கள். பெண்கள் பாடையைத் தொடுவது ரொவெத்தோவில் அதுவரை நடந்ததில்லை. நென்சியோ முன்பக்கக் கழியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

"அண்ணி, பின்னாடி வந்து பிடி."

லிசபெத்தா போய்ப் பிடித்தாள். கனமே இல்லை. தாதேயோ சாமியார் கல்லறைத் தோட்டத்து வாசற்கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.